நான்ஷலன்ஸ்: ஒரு சொல்லின் பின்னாலேயே போய்ப் பார்ப்பது எப்படி

மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ஆங்கில நாவல் என்றால் யாராவது ஒருவர் 'நான்ஷலன்ட்'டாகத் தோளைக் குலுக்காமல் நாலு அத்தியாயம் நகராது. தமிழில் அது பெரும்பாலும் 'அலட்சியமாக' என்று வந்து சேரும். சில இடங்களில் சரியாக உட்காரும். சில இடங்களிலோ, உள்ளே பதறிக்கொண்டு வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி காட்டிக்கொள்ளும் பாத்திரத்தைத் திமிர் பிடித்தவராக ஆக்கிவிடும். இந்த வகைச் சொற்களை அகராதியில் ஒரு தடவை பார்த்துவிட்டு நகர எனக்கு மனம் வராது. எங்கே கிளம்பியது, எந்த வழியாக வந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். அதை எப்படிச் செய்வது என்பதை நான்ஷலன்ஸையே வைத்துச் சொல்கிறேன். பிடிபட்டுவிட்டால் வேறு எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வழிதான்.

தேடுபொறியில் கேட்டால் பதில் உடனே கிடைக்கும். லத்தீனில் 'கலேரே' என்றால் சூடாக இருப்பது, முன்னால் ஒரு 'நோன்' சேர்ந்தால் இல்லை, ஆகவே நான்ஷலன்ட் என்றால் சூடாகாதவர், அதாவது 'கூல்' பேர்வழி. கேட்க நன்றாக இருக்கிறது. தப்பென்றும் சொல்ல முடியாது. ஆனால் லத்தீனிலிருந்து இன்றைய ஆங்கிலத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டது. நடுவில் பிரெஞ்சில் இந்தச் சொல் என்ன செய்துகொண்டிருந்தது, ஆங்கிலத்துக்கு எப்போது வந்தது, ஏன் அப்போது வந்தது எதுவுமே இதில் இல்லை. அதனால் என் முதல் விதி இதுதான்: வேரிலிருந்து தொடங்காதீர்கள். இன்றைய சொல்லிலிருந்து பின்னோக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு படி மட்டும் இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்றைச் சரிபாருங்கள்: காலம் ஒத்துவருகிறதா, ஒலி ஒத்துவருகிறதா, பொருள் ஒத்துவருகிறதா. மூன்றில் ஒன்று இடித்தாலும் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. பல நூலகங்களின் உறுப்பினர் அட்டை இருந்தாலே இணையத்தில் திறக்கும். ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி, இலவசம். பிரெஞ்சுக்கு 'த்ரெசோர்' என்ற பெரிய அகராதி. 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வெளிவந்தது, இப்போது முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. லத்தீனுக்கு 1879-இல் வந்த லூயிஸ்-ஷார்ட் அகராதி போதும். அப்புறம் ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், அடித்து எழுத வேண்டி வரும்.

பொருளை முதலில் கட்டிப்போடுங்கள்

வரலாற்றுக்குள் போகுமுன் இன்று அந்தச் சொல் என்ன செய்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிவையுங்கள். நான் எழுதியிருப்பது: "கவலைப்பட வேண்டிய இடத்தில் கவலையே இல்லாத மாதிரி தெரிவது." 'தெரிவது' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான்ஷலன்ஸ் என்பது வெளியே தெரியும் தோரணை. உள்ளே என்ன ஓடுகிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு உரசிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 'ஆபத்தி' என்றால் உள்ளேயே எதுவும் அசையவில்லை. 'இன்டிஃபரன்ஸ்' என்றால் இதுவானாலும் ஒன்று, அதுவானாலும் ஒன்று. 'இன்சூசியன்ஸ்' கொஞ்சம் விளையாட்டுத்தனமான கவலையின்மை, கூடவே ஒரு குதூகலம் இருக்கும். 'சாங்ஃப்ருவா' என்றால் ஆபத்து நேரத்திலும் குலையாத நிதானம்; பிரெஞ்சில் நேர்ப்பொருள் 'குளிர்ந்த ரத்தம்'. ஐந்தையும் ஒரே தமிழ்ச் சொல்லால் மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிரதி என்னிடம் வரும்போது எனக்கு வேலை நிறைய.

காலம்

'நான்ஷலன்ஸ்' என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் 1670-களில் தென்படுகிறது. 'நான்ஷலன்ட்' என்ற பெயரடை 1730-களில். இந்த ஆண்டுகளைப் பார்த்ததும் சொல் அன்றுதான் பிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கான யோசனை 1857-இல் எழுந்தது, முதல் பகுதி 1884-இல் வந்தது, 1928-இல்தான் முழுமை பெற்றது. அத்தனை காலமும் சம்பளம் வாங்காத வாசகர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அகராதியில் இருக்கும் ஆண்டு, இதுவரை யார் கண்ணிலாவது பட்ட மிகப் பழைய எழுத்தின் ஆண்டு. நாளைக்கு யாராவது இன்னும் பழையதைக் கண்டுபிடித்தால் அது மாறும். அதனால் நோட்டில் "1670-களுக்குள்" என்று எழுதுங்கள்.

நீங்களே பழைய புத்தகங்களில் தேடப் போனால் இரண்டு கண்ணிகள் உண்டு. பழைய அச்சில் 'எஸ்' எழுத்து நீளமாக, பார்ப்பதற்கு 'எஃப்' மாதிரி இருக்கும். கணினி அதை அப்படியே எஃப் என்று படித்துவிடும். இன்னொன்று, கூகுள் புக்ஸ் காட்டும் ஆண்டை நம்பி எழுதிவிடாதீர்கள். முகப்புப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிற்காலப் பதிப்புக்கு முதற்பதிப்பின் ஆண்டை ஒட்டிவைத்திருப்பது அங்கே சகஜம்.

சரி, ஏன் 1670-கள்? 1660-இல் இரண்டாம் சார்லஸ் இங்கிலாந்துக்குத் திரும்பி அரியணை ஏறினார். அதற்கு முன் நாடு இழந்து அலைந்த காலத்தில் ஒரு பகுதியை அவர் பிரான்சில் கழித்திருந்தார். அரசவையில் பிரெஞ்சு உடை, பிரெஞ்சு நடை, பிரெஞ்சுப் பேச்சு எல்லாம் மோஸ்தராகிவிட்டன. 1673-இல் அச்சான டிரைடனின் நாடகம் ஒன்றில் மெலாந்தா என்று ஒரு பெண் வருகிறாள். அன்றன்றைக்குப் பேச்சில் தூவுவதற்குப் புதுப் பிரெஞ்சுச் சொற்களைப் பணிப்பெண் பொறுக்கிக்கொண்டு வந்து தர வேண்டும். பிடித்த சொல்லுக்குத் தன் உடைகளையே பரிசாகத் தூக்கிக் கொடுக்கிறாள். மேடையில் கேலி செய்யும் அளவுக்கு அந்தப் பித்து இருந்திருக்கிறது. கவலையே இல்லாத தோரணைக்கு ஒரு பெயர் அரண்மனை வட்டாரத்துக்குத் தேவைப்பட்ட நேரம் அது. காலம் இடிக்கவில்லை.

ஆண்டுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. இத்தாலியரான காஸ்திலியோனே 1528-இல் வெளியிட்ட நூலில், அரசவைக்காரர் எதைச் செய்தாலும் சிரமமே படாத மாதிரி செய்ய வேண்டும் என்று சொல்லி, அதற்கு 'ஸ்ப்ரெத்சதூரா' என்று பெயர் வைத்தார். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அதற்கு 'நான்ஷலன்ஸ்' என்பது சர்வசாதாரணம். ஆனால் 1561-இல் முதலில் மொழிபெயர்த்த தாமஸ் ஹோபியின் கையில் அந்தச் சொல் இல்லை. அவர் 'ரெக்லெஸ்னெஸ்' என்று எழுதினார். இன்றைக்கு அது கண்மூடித்தனம் என்று தொனிக்கும். பாவம், அன்று கையில் இருந்ததை வைத்து எழுதினார்.

ஒலி: எனக்கு மிகப் பிடித்த படி

நான்ஷலன்ட் என்பதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வருவது 'ஷ'. எழுத்தில் அங்கே சி, எச் இரண்டும் இருக்கின்றன. அதே சி-எச், 'சேர்', 'சேம்பர்', 'சேப்பல்', 'சீஃப்' ஆகியவற்றில் அழுத்தமான 'ச்ச' ஆகவும், 'மெஷின்', 'ஷாம்பெய்ன்', 'ஷெஃப்' ஆகியவற்றில் 'ஷ' ஆகவும் ஒலிக்கிறது. எல்லாமே பிரெஞ்சிலிருந்து வந்தவை. அப்படியிருக்க ஏன் இந்த இரண்டு உச்சரிப்பு?

பழைய பிரெஞ்சில் சி-எச் 'ச்ச' என்றுதான் ஒலித்தது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது தேய்ந்து 'ஷ' ஆனது. அதற்கு முன்பே ஆங்கிலம் வாங்கிக்கொண்ட சொற்கள் பழைய ஒலியோடு அப்படியே தங்கிவிட்டன. பிந்தி வந்தவை புதிய ஒலியோடு வந்தன. இதற்கு 'சீஃப்', 'ஷெஃப்' இரண்டையும்விட நல்ல சாட்சி கிடைக்காது. இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல், பொருள் தலைவர். 'சீஃப்' 1300 வாக்கிலேயே எழுத்தில் இருக்கிறது. 'ஷெஃப்' 19-ஆம் நூற்றாண்டில், சமையலறைத் தலைவராக இரண்டாவது முறை வந்தது.

ஆகவே அகராதியைத் திறக்காமலே, 'ஷ' என்ற ஒலியை மட்டும் வைத்து, நான்ஷலன்ஸ் பிந்தி வந்தது என்று ஊகிக்கலாம். 1670-கள் என்ற பதிவும் அதையே சொல்கிறது. தனித்தனியாக வந்த இரண்டு சாட்சிகள் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஒரே கதையைச் சொல்லும் இந்த இடத்தில் எனக்கு வரும் சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. ஒரு ஜாக்கிரதை மட்டும்: 'ஷிவல்ரி' மிகப் பழைய வரவு, ஒரு காலத்தில் 'ச்சிவல்ரி' என்றே சொன்னார்கள், பிற்காலப் பிரெஞ்சைப் பார்த்து உச்சரிப்பை மாற்றிக்கொண்டது. இந்தச் சோதனையை முடிவாக எடுக்காமல் தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் இடையிலான ஒலி. பிரெஞ்சில் வினைச்சொல் 'ஷலுவார்'. லத்தீனில் 'கலேரே'. காதுக்கு இரண்டும் சம்பந்தமில்லாதவை. ஆனால் லத்தீனில் 'அ' உயிருக்கு முன் வந்த க, பிரெஞ்சில் சி-எச் ஆவது ஒழுங்கான மாற்றம்: பாடு என்னும் 'கந்தாரே' 'ஷாந்தே' ஆனது, குதிரையைக் குறித்த 'கபல்லுஸ்' 'ஷவால்' ஆனது, அருமையான என்னும் 'காருஸ்' 'ஷேர்' ஆனது. பின்பாதியையும் விடக்கூடாது. அழுத்தம் விழுந்த நீண்ட 'ஏ' பிரெஞ்சில் 'உவா' ஆகிறது: 'ஹபேரே' 'அவுவார்', 'தேபேரே' 'தவுவார்', 'மே' 'முவா', 'த்ரேஸ்' 'த்ருவா'. அந்த வரிசையில் 'கலேரே' 'ஷலுவார்' ஆக வேண்டும், ஆகியிருக்கிறது. ஒலி சும்மா ஒத்துப்போவதற்கும் விதிப்படி ஒத்துப்போவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சொல்லாராய்ச்சி என்ற பெயரில் இணையத்தில் உலவுவதில் பாதி முதல் வகை.

வட பிரான்சின் நார்மன் பகுதியில் இந்த க மாறவில்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் 'கேட்ச்', 'சேஸ்' என்று ஒரே லத்தீன் சொல்லுக்கு இரண்டு வாரிசுகள். ஒன்று நார்மன் வழி, மற்றொன்று நடுப் பிரான்ஸ் வழி. 'கேட்டில்', 'சாட்டல்' ஜோடியும் அப்படியே.

பிரெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தது

அவசரக்காரர்கள் தாவிக் கடக்கும் படி இது. எனக்கு இதில்தான் பொழுது நிறையப் போகும்.

'ஷலுவார்' என்ற வினைக்கு எழுவாயாக ஆள் வருவதில்லை. "எனக்கு அது சூடாக இருக்கிறது" என்பது மாதிரி அமைப்பு, "எனக்கு அது முக்கியம்" என்ற பொருளில். தமிழருக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டாம், எனக்குக் கவலையில்லை என்று நாம் நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். இன்றைய பிரெஞ்சில் அந்த வினை செத்துவிட்டது. "பெ ம ஷோ" என்ற ஒரு தொடரில் மட்டும் மிச்சம் இருக்கிறது. "எனக்கென்ன வந்தது" என்கிற பாணியில், கொஞ்சம் பழைய வாசனையோடு சொல்வார்கள். அதில் வரும் 'ஷோ'வும், சூடான என்று பொருள்படும் 'ஷோ'வும் எழுத்தில் வேறு, ஒலியில் ஒன்று. ஒன்று 'கலேத்' என்ற வினைவடிவத்திலிருந்தும் மற்றது 'கலிதுஸ்' என்ற பெயரடையிலிருந்தும் வந்தவை. தாத்தா ஒருவர்தான்.

வினைக்கு முன்னால் 'நோன்' சேர்த்து 'நோன்ஷலுவார்' என்று ஒன்று இடைக்காலத்திலேயே உண்டானது. பொருட்படுத்தாமல் இருப்பது என்று அர்த்தம். அதை மறக்க முடியாதபடி கையாண்டவர் ஓர்லியான் கோமகன் சார்லஸ். 1415-இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 25 வருடம் இங்கிலாந்தில் சிறையிருந்து, 1440-இல் விடுதலையான கவிஞர். அவர் கவிதைகளில் 'நோன்ஷலுவார்' ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது. காதலில் புண்பட்ட நெஞ்சின் மேல் போட்ட மருந்துப் பற்று அது, அதனால் குணமாகிவிட்டேன் என்று ஒரு கவிதையில் சொல்கிறார். கவலையின்மையை மருந்தாகப் பார்க்கும் இந்தப் பொருள் ஆங்கிலத்துக்கு வந்து சேரவில்லை. ஆங்கிலம் வாங்கியது தோரணையை மட்டும். கடன் வாங்கும் மொழி முழுச் சொல்லையும் வாங்குவதில்லை. தனக்கு வேண்டிய மூலையை மட்டும் வெட்டிக்கொள்ளும். எந்தச் சொல்லைத் தேடினாலும் "எதை விட்டுவிட்டு வந்தது?" என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

நான்ஷலன்ட்டின் பிரெஞ்சு வடிவமான 'நோன்ஷலான்' இருந்தால், 'நோன்' இல்லாத 'ஷலான்' எங்கே? ஆங்கிலத்தில் அது இல்லாததை வைத்து நகைச்சுவை எழுத்தாளர்கள் நெடுநாளாக விளையாடியிருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் சமூக ஊடகத்து இளைஞர்கள் 'ஷலன்ட்' என்று ஒன்றை உண்டாக்கி, அக்கறையை வெளிப்படையாகக் காட்டுகிறவரைக் குறிக்கிறார்கள். பிரெஞ்சிலோ அது காணாமல் போகவே இல்லை. 'ஷலான்' என்றால் அங்கே வாடிக்கையாளர். அக்கறை கொண்டவர் என்று தொடங்கி, நாளடைவில் கடைக்கு வருகிறவர் ஆகிவிட்டார். அதன் வழி வந்த 'அஷலாந்தே' என்ற சொல் வாடிக்கையாளர் நிறைந்த கடையைக் குறித்தது. இப்போது சரக்கு நிறைந்த கடைக்கும் அதைச் சொல்கிறார்கள், இலக்கணப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

ஆனால் அதே ஒலி, அதே எழுத்தில் இன்னொரு 'ஷலான்' உண்டு: சரக்கு ஏற்றும் தட்டையான படகு. அது கிரேக்கக் கப்பல் பெயர் ஒன்றிலிருந்து வந்தது, நம் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஆள். வாடிக்கையாளரையும் சரக்குப் படகையும் சேர்த்து ஒரு அழகான வணிகக் கதை கட்ட யாருக்கும் கை அரிக்கும். அரிக்கட்டும், எழுதாதீர்கள்.

சூடு

இப்போதுதான் லத்தீன். 'கலேரே' என்றால் சூடாக இருப்பது. லத்தீனிலேயே அது உணர்ச்சி கொதிப்பதற்கும் பயன்பட்டது. சூடு, கொதிப்பு, அக்கறை என்று பொருள் நகர்ந்தது என்பது வாதம். இதை நம்பலாமா?

பக்கத்து மொழிகளைக் கேளுங்கள். இத்தாலியத்தில் 'நோன் மெ நெ காலெ' என்றால் எனக்கு அதில் அக்கறையில்லை, பழைய நடை. கத்தலானில் 'கல்' என்றால் இன்றும் தினப்படி பேச்சில் 'வேண்டும், அவசியம்' என்று பொருள். அதுவும் கலேரேயின் வாரிசுதான். இந்தப் பொருள் பிரெஞ்சில் மட்டும் முளைத்திருந்தால் சந்தேகப்படலாம். உடன்பிறந்த மொழிகள் பலவற்றில் அதே பொருள் இருந்தால், லத்தீன் பேச்சுவழக்கிலேயே அது தொடங்கியிருக்க வேண்டும்.

தமிழிலும் "சூடு சொரணை இல்லாதவன்" என்கிறோம் அல்லவா? சூடு இல்லை என்றால் எதுவும் உறைக்காதவன். லத்தீனும் தமிழும் உறவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பில் சூடு ஏறுவதையும் மனம் ஒன்றில் ஈடுபடுவதையும் மனிதர்கள் தனித்தனியே, பல இடங்களில் முடிச்சுப் போடுகிறார்கள் என்று மட்டும் அர்த்தம். நம் உதாரணம் பொருள் மாற்றம் இயல்பானது என்று காட்டும். உறவு என்று காட்ட ஒலி விதி வேண்டும். இந்த இரண்டையும் குழப்பினால் உலக மொழிகள் எல்லாம் ஒரே மொழியிலிருந்து வந்தவை என்று நிறுவிவிடலாம். நிறுவியவர்களும் உண்டு.

கலேரேயின் மற்ற பேரப்பிள்ளைகளைச் சேர்ப்பது சுவையான வேலை. 'கலோரி' நேராகவே தெரிகிறது. 'கால்ட்ரன்' என்ற பெரிய கொதிகலம், வெந்நீர் பட்டுத் தோல் வேகும் 'ஸ்கால்ட்', தேய்த்துச் சூடாக்கும் 'சேஃப்' எல்லாம் இதே குடும்பம். 'ஷோஃபர்' என்றால் முதலில் அடுப்பில் நெருப்புப் போடுகிறவர். பழைய நீராவி வண்டிகளின் வழியாக ஓட்டுநர் ஆனார். 'சேஃப்', 'ஷோஃபர்' இரண்டின் முதல் ஒலியையும் கவனியுங்கள்: ஒன்று பழைய வரவு, ஒன்று புதிய வரவு. மேலே சொன்ன சோதனை இங்கேயும் வேலை செய்கிறது.

லத்தீனுக்கும் கீழே போனால் அகராதிகளில் சொல்லுக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். எழுத்தில் எங்கும் கிடைக்காத, ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்று பொருள். லித்துவேனிய மொழியில் வெதுவெதுப்பான என்னும் 'ஷில்தஸ்' இதே மூலத்தைச் சேர்ந்தது என்று ஒப்பிடுவார்கள். நட்சத்திரத்தை நோட்டிலும் மறக்காமல் போடுங்கள். போடாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே அதைக் கல்வெட்டில் கண்ட சொல் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சறுக்கும் இடங்கள்

கவலையின்மை வட்டாரத்தில் போலி உறவுகள் அதிகம். 'கேர்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'கூரா' என்ற லத்தீன் சொல்லும் ஒரே பொருள், கிட்டத்தட்ட ஒரே ஒலி. உறவே கிடையாது. லத்தீனின் க, ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் ஹ ஆக வேண்டும்: 'கோர்னு' 'ஹார்ன்' ஆனது, 'கென்தும்' 'ஹண்ட்ரட்' ஆனது. அப்படியானால் 'கேர்' ஹ-வில் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. 'கேர்' பழைய ஆங்கிலத்தில் துக்கத்தைக் குறித்த சொல்.

'கூரா'வின் உண்மையான பிள்ளை 'செக்யூர்': கவலை நீங்கியது என்று பொருள். அதுவே பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'ஷ்யூர்' ஆனது. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'செக்யூரிட்டி' என்றால் அசட்டுத்தனமான நிம்மதி என்றும் பொருள் இருந்தது. அதனால்தான் மெக்பெத்தில் அது மனிதர்களின் முதல் எதிரி என்று வருகிறது. இன்றைய பொருளை வைத்துப் படித்தால் அந்த வரி தலைகீழாகிவிடும்.

'இன்டிஃபரன்ஸ்' இன்னும் மோசம். ஒரு காலத்தில் அது பாரபட்சமின்மை என்ற நல்ல குணம். 1662-இல் வந்த இங்கிலாந்து திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில், நீதி வழங்குகிறவர்கள் அதை 'இன்டிஃபரன்ட்லி' செய்ய வேண்டும் என்று மன்றாட்டு இருக்கிறது. ஏனோதானோவென்று செய்யுங்கள் என்று யாரும் மன்றாடவில்லை. 'ஆபத்தி'யும் கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதிகளிடம் உணர்ச்சிக்கு அடிமையாகாத உயர்ந்த நிலைதான். கவலைப்படாமல் இருப்பதைக் குறிக்கும் சொற்கள் புகழ்ச்சியில் தொடங்கி வசையில் முடிவதை இந்த வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கலாம். நான்ஷலன்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, சொல்பவரின் குரலைப் பொறுத்து.

'நான்ப்ளஸ்டு' என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். 'இதற்கு மேல் ஒன்றுமில்லை' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது, திகைத்துப்போய் நிற்பது என்று பொருள். வட அமெரிக்காவில் பலர் அதற்கு நேர் எதிராக, 'அசராமல்' என்று எழுதுகிறார்கள். மொழிபெயர்க்கும்போது எழுத்தாளர் எந்தக் கரைக்காரர் என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

நோட்டில் எழுதும் முறை

ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் போதும். நான்ஷலன்ஸுக்கு என் நோட்டில் இருப்பது ஏறக்குறைய இப்படி: "வெளியே தெரியும் கவலையின்மை. பெயர்ச்சொல் 1670-களுக்குள், பெயரடை 1730-களுக்குள். பிரெஞ்சு நோன்ஷலான், நோன்ஷலுவார் வினையிலிருந்து. லத்தீன் கலேரே, சூடாக இருத்தல். ஒலி: ஷ, பிந்திய வரவு, சரி. க>ஷ சரி, ஏ>உவா சரி. பொருள்: இத்தாலியம், கத்தலான் சாட்சி. விட்டு வந்தது: மருந்து. உறவு: கலோரி, சேஃப், ஷோஃபர். உறவில்லை: கேர், சரக்குப் படகு." உறவில்லாதவற்றை எழுதுவது கட்டாயம். அடுத்த தடவை அதே பொறியில் கால் வைக்காமல் இருக்க அந்த வரிதான் உதவும்.

பழக வேண்டுமென்றால் 'இன்சூசியன்ஸ்' எடுங்கள். ஆங்கிலத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. பிரெஞ்சு 'சூசி', கவலை. லத்தீன் 'சொல்லிசிதாரே', கலக்குதல். 'சொலிசிட்டர்' என்ற வக்கீல் எப்படி இதே குடும்பத்துக்குள் வந்தார் என்று நீங்களே பாருங்கள். வழியில் பிரெஞ்சில் 'சூசி' என்று ஒரு பூவும் எதிர்ப்படும், சாமந்தி வகை. அது சூரியனைப் பின்தொடர்வது என்ற வேறு லத்தீன் சொல். படகை ஞாபகம் வைத்துக்கொண்டால் பூவிடம் ஏமாற மாட்டீர்கள்.

அதற்கு அப்புறம், ஈடுபாடில்லாமல் சோம்பிக் கிடப்பதைச் சொல்லும் 'லாக்கடெய்சிக்கல்': 1768-இல் அச்சில் வருகிறது, 'ஐயோ இந்த நாளே' என்ற பழைய புலம்பலிலிருந்து கிளம்பியது. அலுத்துப்போய் இன்னும் எளிதாக ஒன்று வேண்டும் என்றால் 'போகோகுராந்தே'. இத்தாலியத்தில் கொஞ்சமாக அக்கறைப்படுகிறவர் என்று பொருள். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1759-இல் தன் கதையில் வரும் ஒரு வெனிஸ் பிரபுவுக்கு வைத்த பெயர். எதைக் காட்டினாலும் சலித்துக்கொள்ளும் மனிதர் அவர். ஆங்கிலம் அவர் பெயரையே பொதுச்சொல்லாக எடுத்துக்கொண்டது. இதில் மட்டும் ஒலி விதி எதையும் தேட வேண்டியதில்லை.